ஜரிகைக்கு நேராக ஓர் அம்புக்குறி

9 ஆகஸ்ட் 2004, திங்கள்

சாம்பிள் கொடுத்து விற்கிற வேலையில் நூடுல்ஸிலிருந்து என்னை டீக்கு மாற்றிவிட்டார்கள். அதே பெங்களூர் இந்திராநகர் சூப்பர் மார்க்கெட், அதே மூலை, அதே செருப்புக்கடி. சட்டை மட்டும் மஞ்சளிலிருந்து பச்சையாகியிருக்கிறது.

மலைத்துளி டீ. பாக்கெட்டுக்கு ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகுமாம். ஏரியா மேனேஜர் சீனிவாசராகவன் சார் காலையில் பாடம் எடுத்தார். "முதல்ல டீயை நீட்டாதம்மா. முதல்ல கதையைச் சொல்லு. மனசு இளகட்டும். அப்புறம் கப்பை நீட்டு."

அலமாரி ஓரத்திலேயே நிற்கிறவளுக்கு ஒன்று தெரியும். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்றை எடுக்கும். "ரொம்ப நல்ல காரியம்மா" என்று கப்பைக் காலி செய்துவிட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருக்கும் பக்கத்து அலமாரிக்குப் போவார்கள். போகட்டும், நானும் அப்படித்தான் வாங்குவேன். ஆனால் அந்த "நல்ல காரியம்மா"வைச் சொல்லாமல் போனால் என்ன?

பி.காம். படித்தது இதற்குத்தானா என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் பதில் வைத்திருக்கிறேன்: தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கின மனுஷன் இப்போது தொம்மலூரில் கண்ணாடிக் கட்டிடத்துக்கு கேட் திறந்துவிடவில்லையா?

12 ஆகஸ்ட், வியாழன்



இன்று கட்-அவுட் வந்தது. ஆளுயர அட்டை. மடிப்பைப் பிரித்து நிறுத்த வேண்டியது என் வேலை. கீழிருந்து மேலாகப் பிரித்தேன். முதலில் வெறும் பாதம். பிறகு கந்தல் புடவை. பிறகு கை. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தீக்காயத் தழும்பு. மேல் மடிப்பைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா.

தலை கலைந்து, கண் சுருங்கி, வாய் கொஞ்சம் திறந்து. பக்கத்தில் பெரிய எழுத்தில்: உங்களுக்கு ஒரு கோப்பை. இவளுக்கு ஒரு வாய்.

பாக்கெட்டின் பின்பக்கத்திலும் அதே படம். முன்பக்கத்தில் கப்பைப் பிடித்துச் சிரிக்கிறவள் வேறு, வெள்ளைத்தோல்காரி. குடிக்க அவள், பசிக்க நாங்கள். எவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கிறார்கள்!

நாள் முழுக்க அம்மா பக்கத்தில் நின்று டீ ஊற்றினேன். யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தால் அம்மா கார்மென்ட்ஸிலிருந்து வந்து காலை நீட்டிக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

13 ஆகஸ்ட், வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

14 ஆகஸ்ட், சனி

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருமுனைக் கடைக்காரர் கிருஷ்ணப்பா சொல்லிவிட்டார்.

சர்க்கரை வாங்கப் போன அம்மாவிடம் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "ஏன் காந்தம்மா, ஃபிலிம் ஸ்டார் ஆயிட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தியிருக்கிறார். கன்னடக்காரர்தான். இத்தனை வருஷம் தொம்மலூர்த் தமிழரோடு வியாபாரம் செய்து, கிண்டலை மட்டும் தமிழிலேயே செய்வார். கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். வாசலைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

டியூப்லைட் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொழிற்சாலையில் சட்டையைப் பிடிப்பது போல.

"இது குவார்ட்டர்ஸ் போட்டோடி."

சுரங்கம் மூடின வருஷம், வெயில் காலம். தங்கவயல் மாரிகுப்பத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்குக் கேமராவோடு இரண்டு பேர் வந்தார்களாம். நான் அன்று பரீட்சைக்குப் போயிருந்தேன். குடியிருந்த வீடுகளைச் சுரங்கக்காரர்கள் பேருக்கே எழுதித் தரப்போகிறார்கள் என்று அப்போது ஊர் முழுக்கப் பேச்சு. வந்தவர்கள் யார், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேமரா என்றால் வீட்டுப் பத்திரத்துக்குத்தான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

"பத்திரத்துல ஒட்டுற போட்டோ. அழுக்காவா நிப்போம்? லைன்ல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் பட்டு கட்டி, பூ வச்சிட்டு நின்னோம். அவன் பாத்துட்டு, இதெல்லாம் வேணாம்மா, வீட்ல கட்டுற பழசைக் கட்டிட்டு வாங்கன்னான். எல்லாரும் போய் மாத்திட்டு வந்தாளுங்க."

"நீ?"

"நான் எதுக்குக் கழட்டணும்? பட்டு மேலயே பழசைச் சுத்திக்கிட்டேன். வீடு என் பேருக்கு வரும்போது உள்ளயாவது பட்டு இருக்க வேணாமா? பூவை மட்டும் அவனே எடுத்தான். தலையையும் அவன்தான் கலைச்சு விட்டான். வெயில் கண்ணுல அடிச்சுது, மூஞ்சி அப்படி ஆயிடுச்சு."

விரலால் படத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள். கந்தலுக்குக் கீழே, கணுக்கால் மேலே, மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. ஜரிகை. அவள் கல்யாணப் பட்டு. ஆளுயர அட்டைக்குப் பக்கத்தில் மூன்று நாள் நின்ற நான் அதைப் பார்க்கவில்லை.

வீடு யார் பேருக்கும் வரவில்லை. படம் மட்டும் வந்திருக்கிறது.

15 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினக் கூட்டம். கடைக்குள் தள்ளுவண்டி மேல் தள்ளுவண்டி.

ஓர் அம்மா தன் பையனிடம்: "பாரு, இந்த ஆன்ட்டிக்குச் சாப்பிட ஒண்ணுமே இல்ல. நீ நேத்து சப்பாத்தியை அப்படியே வச்சிட்ட."

பையன்: "அப்ப நாம ஏன் டீ வாங்குறோம்? சப்பாத்தி குடுக்கலாம்ல?"

அந்தக் கூட்டத்திலேயே புத்தி இருந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

சொல்லச் சொன்ன கதையை நான் சொல்லவில்லை. "குடிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். கதையே தேவைப்படவில்லை. படத்தைப் பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், எடுத்துப் போட்டார்கள். மதியத்துக்குள் அலமாரி காலி. சீனிவாசராகவன் சார் போனில் குதித்தார். "பாத்தியாம்மா? மூஞ்சி வேலை செய்யுது!"

வாய் ஒன்று, கை ஒன்று என்று எழுதியிருந்தேனே, அது தப்பு. சரியான முகத்தைக் காட்டினால் இரண்டும் ஒன்றாகப் போகும். அவர்கள் வாங்கியது டீ இல்லை. பில் போடும்போது தன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்ள ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துக்கு எங்கம்மா தேவைப்படுகிறாள். தலை வாராத, பூ வைக்காத எங்கம்மா.

வேலையை விட்டுவிடலாமா? விட்டால் வாடகை? இதைக் கேட்டுக்கொண்டேதான் மறுபடி மறுபடி டீ ஊற்றினேன்.

19 ஆகஸ்ட், வியாழன்

கார்மென்ட்ஸில் அம்மாவுக்குப் புதுப் பேர். "ஒரு வாய் அக்கா."

மெர்சிக்கா வந்து சொன்னாள். அம்மாவோடு ஒரே லைனில் செக்கிங் செய்கிறவள், அவளும் கோலார் தங்கவயல்காரிதான். சாப்பாட்டு நேரத்தில் தையல் லைன் பெண்கள் ஒரு உருண்டை சோற்றை நீட்டி, "அக்கா, ஒரு வாய்?" என்றார்களாம். அம்மா சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை மூடிவிட்டாளாம். மூன்று நாளாக மத்தியானம் சாப்பிடவில்லையாம். "கம்பெனி எவ்ளோ குடுத்துச்சுன்னு வேற கேக்குறாளுங்க ரூபி. ஒண்ணும் இல்லன்னா நம்ப மாட்டேங்கிறாளுங்க."

அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இன்று திடீரென்று சொன்னார்: "சுரங்கத்துக்குள்ள இருந்து மேல வரும்போது லிஃப்ட்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு நாளும் நினைப்பேன், என் பொண்டாட்டி யார்கிட்டயும் கையேந்தலன்னு. இப்ப இந்தியா பூரா ஏந்துறா."

பாலகிருஷ்ணன் என்கிற என் அப்பா அதற்கு மேல் பேச மாட்டார். இருமினார், அவ்வளவுதான்.

22 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து வந்த சட்டையில் எங்கே தப்பு இருக்கிறதோ, அதற்கு நேராக ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். நூல் விட்டுப் போனதா, ஒரு அம்பு. காலர் கோணலா, ஒரு அம்பு. யார் தைத்தது என்று திட்டுவதில்லை. அம்பைப் பார்த்தால் போதும், தைத்தவளுக்குப் புரியும். பிரித்துத் திரும்பத் தைப்பாள். அதற்கு ஆல்ட்டர் என்று பேர். அம்மாவின் புடவைத் தலைப்பில் எப்போதும் ஒன்றிரண்டு அம்பு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். சின்ன வயதாக இருந்தால் நான் விளையாடியிருப்பேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா அந்தப் பாக்கெட்டை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள்.

தலைக்கு ஒரு அம்பு. "வாரியிருந்தேன்."

கந்தலுக்கு ஒரு அம்பு. "இது என் டிரெஸ் இல்ல."

ஜரிகைக்கு ஒரு அம்பு. "இதான் என் டிரெஸ்."

"உங்களுக்கு ஒரு கோப்பை" என்ற வரிக்கு ஒரு அம்பு. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

பிறகு பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். "ரிஜெக்ட்."

அப்பா சிரித்துவிட்டார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் இவளுக்காக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இவளுக்கு என் கோபம் தேவையே இல்லை.

சுருளிலிருந்து கொஞ்சம் கிழித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

24 ஆகஸ்ட், செவ்வாய்

கட்-அவுட்டின் கணுக்காலில், ஜரிகைக்கு நேராக, ஒரே ஒரு அம்பு ஒட்டினேன். கடையைத் திறந்ததும் ஒட்டியது. வேறு ஒன்றும் செய்யவில்லை.

மனிதர்களுக்கு அம்பைப் பார்த்தால் அது காட்டுகிற இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. முதலில் ஒரு பெண் குனிந்தாள். "இது என்ன?"

"பட்டுப் புடவை மேடம். உள்ள கட்டியிருக்காங்க."

"யாரு?"

"எங்கம்மா."

அவள் என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். மூக்கு ஒரே மாதிரி. எடுத்த பாக்கெட்டை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு "சாரி" என்றாள். எதற்கு சாரி? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அடுத்து ஒரு பெரிய மனுஷன். முழுக் கதையும் கேட்டார். முகம் சிவந்துவிட்டது. "அப்ப இவங்க ஏழை இல்லையா? எங்களை ஏமாத்துறீங்களா?"

"ஏழைதான் சார். பட்டு ஒண்ணு வச்சிருக்கிற ஏழை."

"அது எப்படி?"

எப்படி என்றால்! கல்யாணம் பண்ணிக்கொண்டால் வரும் சார், என்று சொல்ல நினைத்தேன். சொன்னேன்.

கால் சென்டர் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் மட்டும் சத்தமாகச் சிரித்தாள். "உங்கம்மா சூப்பர்" என்று இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டு போனாள். அவள் எதற்கு வாங்கினாள்? பரிதாபத்துக்கு இல்லை. பிடித்துப் போய் வாங்கினாள். இதற்கும் ஒரு பேர் இருக்க வேண்டும். சீனிவாசராகவன் சாரின் பாடத்தில் அது இல்லை.

29 ஆகஸ்ட், ஞாயிறு

மெர்சிக்காவும் இன்னும் நாலைந்து செக்கர் பெண்களும் கிருஷ்ணப்பா கடைக்கு வந்து, அலமாரியில் இருந்த மலைத்துளி பாக்கெட் அத்தனைக்கும் அம்பு ஒட்டினார்கள். அன்று சாப்பாட்டு நேரத்தில் சோற்றை நீட்டினவளும் வந்திருந்தாள். அவள்தான் எல்லாரையும் விட வேகமாக ஒட்டினாள். அம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "கோணலா ஒட்டுற பாரு" என்று மட்டும் சொன்னாள்.

கிருஷ்ணப்பா கல்லாவில் உட்கார்ந்து பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். "கம்பெனிக்காரன் வந்து கேட்டா நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன், ஒண்ணும் பாக்கல."

"பேப்பரைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க அண்ணா."

"அதுக்கென்ன, நீங்க ஒட்டுங்கம்மா."

இனிமேல் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நடந்தது தலைகீழ். சாயங்காலத்துக்குள் தெருவே வந்து "அம்பு போட்ட டீ குடுங்க" என்று கேட்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, அவனுக்குத்தானே லாபம்!"

அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "வாங்கட்டும். ஜரிகையைப் பாத்துட்டுத்தானே வாங்குறாங்க."

3 செப்டம்பர், வெள்ளி

வேலை போச்சு.

யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெரிய மனுஷனாகத்தான் இருக்கும். சீனிவாசராகவன் சார் நேரில் வந்தார். அம்பைப் பிய்க்கப் பார்த்தார். அட்டையும் சேர்ந்து உரிந்தது. "என்னம்மா இது? ஒன்னை நம்பி ஸ்டோரைக் குடுத்தேனே!"

"படத்துல இருக்கிறது எங்கம்மா சார்."

நின்றுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பிறகு, "முதல்லயே சொல்லியிருந்தா வேற ஸ்டோருக்கு மாத்தியிருப்பேனேம்மா" என்றார்.

அதுதான் அவருக்குத் தோன்றிய தீர்வு. அம்மா இங்கேயே நிற்பாள். நான் வேறு கடைக்குப் போக வேண்டும்.

பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தேன். பயமாக இருந்தது, பொய் சொல்ல வேண்டாம். ஆனால் தலை குனியவில்லை.

11 செப்டம்பர், சனி

கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ரக்ஷிதா என்று பேர். விளம்பரம் எல்லாம் அவள் பொறுப்பாம். என்னை விட நாலைந்து வயதுதான் மூத்தவள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள், பாயில் உட்கார்ந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். திட்டத் தயாராக இருந்த எனக்கு அதுவே எரிச்சல்.

அம்மா டீ கொடுத்தாள். ரக்ஷிதா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எங்களோடதா?" என்றாள்.

"இல்லம்மா. கிருஷ்ணப்பா கடை லூஸ் தூள். உங்களுது சுமார்."

படத்தை ஒரு போட்டோ ஏஜென்சியிடம் வாங்கினார்களாம். யார் என்ன என்று தெரியாதாம். "தப்புதான். ஏதாவது காம்பென்சேஷன் பேசலாம்."

"காசு வேணாம்" என்றார் அப்பா, உள்ளே இருந்து. அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ரக்ஷிதா என்னைப் பார்த்தாள். "நீ ஸ்டோர்ல நின்னவ. உனக்குத் தெரியும். ஜனங்க கஷ்டத்தைப் பாத்தாத்தான் குடுக்குறாங்க. சிரிச்ச முகத்தைப் போட்டா யாரும் நிக்கிறதே இல்ல. ரிசர்ச் பண்ணித்தான் போட்டோம். பணம் நிஜமாவே ஸ்கூலுக்குப் போகுது, உங்க ஊருக்கேதான் போகுது. போய்ப் பாரு வேணும்னா."

அவள் சொன்னது உண்மை. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நானே பார்த்தேன்.

அம்மாவிடம் பதில் இருந்தது. நாலு அம்பு ஒட்டின பாக்கெட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். "நீங்க ஸ்கூலுக்குக் குடுங்கம்மா. புண்ணியமாப் போகும். இந்தப் பீஸ்ல நாலு டிஃபெக்ட் இருக்கு. நான் பாஸ் பண்ண முடியாது. ஆல்ட்டர் பண்ணிக் கொண்டாங்க."

"எப்படி ஆல்ட்டர் பண்றது?"

"நான் தலை வாரிக்கிறேன். பட்டை மேல கட்டிக்கிறேன். என் பேரைப் போடுங்க, என் வேலையைப் போடுங்க."

"கீழ என்ன லைன் எழுதலாம்?"

அம்மா யோசித்தாள். "காந்தா, செக்கர். டீ நல்லாருந்தா வாங்குங்க."

ரக்ஷிதா சிரித்தாள். அந்தப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

19 செப்டம்பர், ஞாயிறு

அப்பாவோடு ரயிலில் தங்கவயல் போனேன். போய்ப் பார்த்துவிட்டேன்.

ஸ்கூலில் புது பெஞ்சுகள் இருக்கின்றன. திடமான மரம், ஆணி வெளியே நீட்டிக்கொண்டு இல்லை. நான் படித்த காலத்தில் தரையில்தான் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமையானாலும் வாட்ச்மேன் திறந்து காட்டினார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கினவர். ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் மலைத்துளி என்று பச்சை பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் காம்பஸ் முள்ளால் அதைச் சுரண்டி, அந்த இடத்தில் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லா பெஞ்சிலும்.

"திட்டினாலும் கேக்க மாட்டேங்குதுங்க" என்றார் வாட்ச்மேன்.

அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தட்டிப் பார்த்து, "நல்ல பெஞ்சு" என்றார்.

நல்ல பெஞ்சுதான். பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொடுப்பதும் நிஜம், அசிங்கப்படுத்துவதும் நிஜம். ஒன்றைச் செய்ய இன்னொன்று எதற்கு? இந்தக் கேள்விக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பெங்களூர் வரும் வரைக்கும் பதில் தேடினேன். பங்காருப்பேட்டையில் வடை வாங்கியதோடு சரி.

4 அக்டோபர், திங்கள்

எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு துணிக்கடையில் பில்லிங் வேலை கிடைத்தது. உட்கார நாற்காலி உண்டு! செருப்புக்கடிக்கு விடுதலை.

17 அக்டோபர், ஞாயிறு

பிரேசர் டவுனில் ஒரு ஸ்டுடியோ. அம்மா கேட்ட ஆல்ட்டருக்குக் கம்பெனி ஏற்பாடு. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மல்லிகை வைத்து, அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றதற்கு, "எதுக்கு?" என்று கேட்டாள். அவர் அப்படியே எடுத்தார்.

மெர்சிக்கா மடிப்புப் பிடித்துவிட வந்திருந்தாள். "அக்கா, கவர்னர் மாதிரி இருக்கீங்க."

அப்பா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, எல்லாருக்கும் டீ சொன்னார்.

23 நவம்பர், செவ்வாய்

ரக்ஷிதா போன் பண்ணினாள், கிருஷ்ணப்பா கடை நம்பருக்கு. புதுப் படத்தை மூன்று ஊர்களில் பெண்களிடம் காட்டிக் கேட்டார்களாம். எல்லாருக்கும் பிடித்ததாம். "ரொம்ப கம்பீரமா இருக்காங்க" என்றார்களாம். வாங்குவீர்களா என்றால், "இவங்களுக்கு நாம எதுக்கு உதவணும்?" என்றார்களாம்.

"ஸாரி ரூபினி. ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. பழைய படத்தை எடுத்துட்டோம், அது நிச்சயம். இனிமே யார் முகமும் வேணாம்னு சொல்லிட்டேன். அதுக்கே சண்டை போட வேண்டியிருந்துச்சு." அவள் குரல் களைத்திருந்தது. நான் நன்றி சொன்னேன். சொல்வேன் என்று செப்டம்பரில் நினைத்திருக்க மாட்டேன்.

மூன்று ஊர்ப் பெண்களே! உதவ வேண்டுமென்றால் தலை கலைந்திருக்க வேண்டும், இல்லையா? நிமிர்ந்து நிற்பவளின் ஊரில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தால் பரவாயில்லையா?

அம்மாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். "கம்பீரமா இருக்கேன்னாங்களா?" என்று கேட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். சந்தோஷமாக எழுந்து போய் உலை வைத்தாள்.

18 டிசம்பர், சனி

ரக்ஷிதா ஸ்டுடியோ படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அனுப்பியிருக்கிறாள். இரண்டு பிரதி. அப்பா ஒன்றைக் கண்ணாடி போட்டு, புத்தர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று அம்மா தூரத்தில் நின்று செக் பண்ணி, இரண்டு தடவை ஆணியை மாற்றச் சொன்னாள்.

இன்னொன்றைக் கிருஷ்ணப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கென்று சொல்லவில்லை.

கார்மென்ட்ஸில் இப்போது "ஒரு வாய் அக்கா" இல்லை. "அம்பு அக்கா."

16 ஜனவரி 2005, ஞாயிறு

புதுப் பாக்கெட் வந்துவிட்டது. பின்பக்கம் முகம் இல்லை. ஒரு தேயிலைக் கொழுந்து. கீழே சின்ன எழுத்தில், விலையில் ஒரு பங்கு கோலார் தங்கவயல் பள்ளிகளின் பெஞ்சுகளுக்கு என்று ஒரே வரி. அம்மா கடை விளக்கில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். அலமாரியில் திரும்ப வைத்தாள். "பாஸ்."

பிறகு வழக்கம் போல லூஸ் தூள் கேட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். டீ அலமாரிக்கு மேலே கிருஷ்ணப்பா அம்மாவின் படத்தை மாட்டியிருக்கிறார். பட்டு, மல்லிகை, சிரிக்காத முகம். ஜரிகைக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு. யார் ஒட்டியது என்று கேட்டால் மறுபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்பார்.

அப்பா கேட் திறக்கும் கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை பார்க்கிற பெண் போலிருக்கிறது, தெருவுக்குப் புதிது. படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரு சார் இவங்க? டீ கம்பெனி ஓனரா?"

"ஆமா" என்றார் கிருஷ்ணப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

தூள் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள்.

"ஓனர் இல்லம்மா. செக்கர்."